தப்பான சுரமே இல்லாத பாட்டு

ராஜபாளையம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள்ல பாட்டு சொல்லித் தர்றேன். மூணாவது படிக்கிற பிள்ளைகிட்ட "நீயா ஏதாவது பாடு"ன்னு சொல்லிப் பாருங்க, அப்படியே உறைஞ்சு போயிடும். அது கூச்சம் மட்டும் இல்ல. "ஏதாவது" என்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான கேள்வி.

கர்நாடக இசையில் மாயாமாளவகௌளை சரளி வரிசையில் ஆரம்பிக்கிறோம். சொன்னதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லணும். கல்பனாஸ்வரம் வர்றதுக்குப் பல வருஷம் ஆகும். குரலுக்கு அந்தப் பயிற்சி வேணும், மறுக்கலை. ஆனா அதுக்குள்ள பாட்டுன்னாலே அடுத்தவங்களோட சரியான விடைன்னு பிள்ளை முடிவு பண்ணிடுது.

ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் ஒரு எளிய வேலை செய்தார். பிள்ளைகள் தட்டுற சைலஃபோன்ல ம, நி ரெண்டு கட்டையையும் கழட்டிடலாம். மிச்சம் ச ரி க ப த. அட, நம்ம மோகனம்! எந்த வரிசையில் தட்டினாலும் காதைக் குத்தாது. நான் இன்னும் குறைச்சு, ச ரி க மட்டும் தருவேன். நாலு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

அதுக்கும் முன்னாடி கை. ஒரு தடவை அய்யனார் கோவில் ஆத்துக்குப் போயிருந்தோம். ஆளுக்கு ரெண்டு கூழாங்கல். நான் நாலு எண்ணிக்கை தட்டுவேன், ஒவ்வொருத்தரா நாலுல பதில் சொல்லணும். ஒரு பொண்ணு மூணு சுத்தும் கல்லைப் பிடிச்சிட்டு சும்மா இருந்தா. அவளோட நாலு எண்ணிக்கையையும் மனசுக்குள்ள எண்ணிட்டு அடுத்தவன்கிட்ட போனேன். நாலாவது சுத்துல ஒரே ஒரு "டக்". அதுவும் மூணாவது எண்ணிக்கையில! பக்கத்துப் பையன் அந்த "டக்"கை எடுத்து ரெண்டாக்கித் தட்டினான்.

யாரும் "சூப்பர்" சொல்லலை. டீச்சர்கள்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். ஒருத்தரைப் பாராட்டினா அடுத்த பத்து பேரும் அதையேதான் தட்டுவாங்க. பாராட்டுக்குப் பதிலா நம்ம தெக்கத்தி வில்லுப்பாட்டிலிருந்து "ஆமா"வை எடுத்துக்கிட்டேன். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுறப்போ பாடுறவருக்கு மூச்சு கிடைக்கும், அடுத்த வரியும் கிடைக்கும். அதேபோல ஒவ்வொரு பிள்ளை முடிச்சதும் வகுப்பே "ஆமா" போடும். கேட்டோம்னு அர்த்தம். மார்க் இல்ல.

வீட்டிலயும் செய்யலாம், இட்லி வேகுற நேரம் போதும். டம்ளர், ஸ்பூன். முதல்ல நீங்க தட்டுங்க, சின்னதா. போனை மட்டும் உள்ளே வெச்சிடுங்க. வீடியோ எடுக்கிறது தெரிஞ்சா பிள்ளை மறுபடியும் ஆண்டு விழாவுக்குத் தட்ட ஆரம்பிச்சிடும்.