கருமுட்டை குறைவும் ஹார்மோன் முன்சிகிச்சையும்

(திருவனந்தபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையரானவன். இதை மேடையில் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். படிப்பு, வேலை, ஜாதகப் பொருத்தம் என்று நம் பெண்களின் கல்யாணம் முப்பதைத் தாண்டிவிடுகிறது. பிறகு "ஏ.எம்.ஹெச். குறைவு" என்ற ரிப்போர்ட் வந்ததும் குற்றம் பெண் தலையில் விழுகிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

பெண் சிசு பிறக்கும்போதே சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். முப்பத்தைந்துக்கு மேல் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். ஏ.எம்.ஹெச். பரிசோதனை, ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று காட்டும். இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்ற தீர்ப்பு அல்ல அது.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, ஊக்க ஹார்மோன் இல்லாமல் எடுத்த ஒற்றை முட்டையில் உருவானது. அதே வருஷம் அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் இன்னொரு குழந்தை பிறந்தது. அதற்காக டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளை வளர்த்தார். சர்க்கார் கமிட்டி அவரை நம்பவில்லை. 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று உலகெங்கும் பின்பற்றுவது ஹார்மோன் கொடுக்கும் அந்த முறையைத்தான்.

ஆனால் கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஊசி போட்டும் ஒன்றிரண்டு முட்டைகளே கிடைக்கின்றன. அதனால்தான் முன்சிகிச்சை. சில வாரங்கள் டி.ஹெச்.ஈ.ஏ. மாத்திரை, அல்லது தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுக்கிறார்கள். இவை ஆண் ஹார்மோன் வகை. சின்னஞ்சிறு முட்டைப் பைகள் ஊசி மருந்துக்கு நன்றாக இணங்கும்படி இவை செய்யும் என்பது எண்ணம். புதிய முட்டையை உண்டாக்கும் மருந்து எதுவும் இல்லை.

பலன் உண்டா? 2019-ல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ சங்கத்தின் வழிகாட்டுதல் இரண்டையும் சிபாரிசு செய்யவில்லை. 2024-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, டெஸ்டோஸ்டிரோன் அநேகமாக உதவும், டி.ஹெச்.ஈ.ஏ.வால் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. நிபுணர்களே ஒரே முடிவுக்கு வராத விஷயம் இது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரை வாங்க வேண்டாம். முகப்பரு, ரோம வளர்ச்சி வரலாம். இரண்டாவது, முன்சிகிச்சைக்குச் செலவாகும் மாதங்களும் விலைமதிப்புள்ளவை. இதனால் என் விஷயத்தில் என்ன லாபம், எத்தனை நாள், என்ன செலவு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். 2021-ஆம் வருஷச் சட்டப்படி பெண்ணுக்கு ஐம்பது வயது வரைதான் இச்சிகிச்சை. முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் பலனில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கணவருக்கும் பரிசோதனை அவசியம்.

மூன்றாவது, நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு. கல்யாண வீட்டிலும் கோவில் பிராகாரத்திலும் "விசேஷம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்துவோம். அந்தக் கேள்வியால் யாருக்கும் முட்டை கூடியதில்லை.