தாய்வீடு கடலுக்கு அப்பால்
(தோட்டக் கிளை மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்கள் பின்வரிசையில் நிற்கிறீர்கள். முன்னால் வந்து உட்காருங்கள். பிள்ளை அழுதால் அழட்டும். இன்றைய பேச்சே பிள்ளையைப் பற்றியதுதான். அது அழுவதற்கு இல்லாத உரிமை நமக்குப் பேசுவதற்கு இல்லை.

நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கிப் பெண்ணை அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து உடம்பு தேறிய பிறகே புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். இது ஊர்க் கதை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரயிலேறி, லாரியேறி ரப்பர் காட்டுக்குள் வந்து சேர்ந்த நம் பாட்டிமார்களுக்குத் தாய்வீடு எங்கே இருந்தது? கடலுக்கு அப்பால் இருந்தது. மகளுக்கு வலி கண்ட செய்தி தாய்க்குக் கடிதமாகப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து பல நாள் ஆகியிருக்கும். உடலுழைப்பு வேலைக்கு ஆட்களைச் செலவு கொடுத்து அனுப்பும் வழியை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதன் பிறகு உறவினரை அழைத்துக்கொள்வது இன்னும் கடினமாயிற்று. 1942, 1943இல் சயாம் ரயில் பாதைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, எத்தனையோ லயங்களில் பிள்ளையும் தாயும் மட்டும் மிஞ்சினார்கள்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் பிறந்தன, வளர்ந்தன. நாம் இங்கே உட்கார்ந்திருப்பதே சாட்சி. தாய்வீடு செய்ய வேண்டிய வேலையை லயம் செய்தது. அடுத்த கதவு அக்காள் வெந்நீர் வைத்தாள். எதிர் லயத்து ஆயா காயமருந்து இடித்துக் கொடுத்தாள். பக்கத்துக் கம்பத்திலிருந்து மலாய் மருத்துவச்சி வந்து வயிறு தடவிக் கட்டுப் போட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மலாய் தெரியாது, ஆனால் காரியம் நடந்தது. சாதி பார்த்தவர்கள்கூட அந்தப் பத்து நாளில் பார்க்கவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பதினோராம் நாள் மறுபடி பார்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கஷ்டம் எங்கே தொடங்கியது என்றால், தாய் மறுபடி பெரட்டுக்குப் போன நாளில். பால் மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகச் சுரக்கும். ஆகவே இருட்டோடு எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி, ஆயாக்கொட்டகையில் கொண்டு போய் விடவேண்டும். அங்கே உத்தரத்தில் வரிசையாகச் சீலைத் தொட்டில்கள். ஒரு கையால் ஒரு தொட்டிலையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டுகிற ஆயாவுக்குப் பத்துக் கை இருந்தாலும் போதாது. தாய் நிரையில் 500 மரம் வரை வெட்டி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வரும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்திருக்கும். மரத்துப் பால் முதலாளிக்கு, மார்புப் பால் சட்டைக்கு, பிள்ளைக்கு என்ன?

பிள்ளைக்கு டின் பால். இனிப்புக் கெட்டிப்பாலை வெந்நீரில் கலக்கிப் புகட்டுவது அந்தக் காலத்தில் நாகரிகம் என்றே நம்ப வைக்கப்பட்டது. இதை எதிர்த்து ஒரு பெண் டாக்டர் பேசினார். சிசிலி வில்லியம்ஸ் என்று பெயர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் கூடியிருந்த இடத்தில், ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். கைக்குழந்தைக்கு ஆகாத அந்த டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்பதால் குழந்தைகள் சாகின்றன என்று கண்டித்தார். விற்கிறவன் முகத்துக்கு நேரே சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். உலகச் சுகாதார மன்றம் பால்மாவு விளம்பரத்துக்குக் கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றது 1981இல்தான். எத்தனை ஆண்டு இடைவெளி என்று கிராணிமார்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் இன்றும் டாக்டர்கள் சொல்லுகிறார்கள். சொல்வது எளிது. வேலைக்குப் போகும் தாய் எப்படிக் கொடுப்பாள் என்று கேட்டால், விடுப்பு வேண்டும், சம்பளம் வேண்டும், பக்கத்தில் காப்பகம் வேண்டும் என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்போம். ஆகவே பிள்ளைப்பால் என்பதும் சங்க விஷயமே.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நெடுங்காலம் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் 98 நாளாயிற்று. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்தால் பேறுகாலச் சம்பளம் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்துக்குள் என்பது வரம்பு. பிள்ளையுண்டான காரணத்துக்காகப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்லுகிறது.

தகப்பனுக்கும் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி, மனைவி ஆஸ்பத்திரியில் இருக்க, ‘வயிற்றுக் கடுப்பு’ என்று பொய் சொல்லி ஒரு நாள் லீவு வாங்கியதைக் கேட்டுச் சிரித்தோம், பிறகு வருந்தினோம். உரிமையாகக் கிடைப்பதைப் பொய் சொல்லி ஏன் வாங்க வேண்டும்? ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பேறு எதிர்பார்க்கும் நாளுக்கு 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், முடியாவிட்டால் பிறந்தவுடன் சீக்கிரமே சொல்லவேண்டும். கிராணிமார் நண்பர்களே, இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். தொழிலாளி கேட்கும் வரை காத்திராமல், பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? தம்பிமார்களே, அந்த ஏழு நாள் சீட்டாடக் கொடுத்ததல்ல. பூண்டு உரிக்கவும் துணி அலசவும் கொடுத்தது. தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு அந்த ஏழு நாளும் நீங்களே தாய்வீடு.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், நம் பாட்டி குடியிருந்த அதே லயத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். குடும்பத்தை அழைத்துவர அவர்கள் பெர்மிட்டில் இடமில்லை. அந்தப் பெர்மிட்டில் வந்த பெண் கருவுற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஸ்டோருக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் தன் பிறந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் திரையைத் திருப்பிக் காட்டினார். படம் அசையாமல் நின்றுவிட்டது, சிக்னல் இல்லை. பெயர் என்ன என்று கேட்டோம், சொன்னார். அந்தப் பிள்ளை தகப்பனைத் தொட்டுப் பார்க்க எத்தனை வருஷம் ஆகுமோ! ஏழு நாள் லீவு கொடுத்தாலும் போய்வரும் செலவை யார் கொடுப்பார்? ‘அந்நியன் வந்து நம் வேலையைக் கெடுத்தான்’ என்று பேசுகிற நாம், நம் பாட்டனும் அப்படித்தான் வந்தான் என்பதை மறந்து பேசுகிறோம்.

கடைசியாகப் பத்திரம். நேரம் ஆனாலும் இதைச் சொல்லாமல் போகமாட்டோம். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டினோம், ஊரறியச் சாப்பாடு போட்டோம், போதாதா என்கிறீர்கள். 1982 மார்ச் முதல் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த மணங்களைச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொள்ளுகிறது. அதன் பிறகு நடந்தவை பதிவு செய்தால்தான் சட்டப்படி மணம். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமையில் தாயைச் சாரும். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால், தகப்பன் இந்த மண்ணிலே பிறந்த குடிமகனாக இருந்தும் பிள்ளை அந்நியனாகிவிடும். மூன்று தலைமுறை இந்த மரத்தில் பால் வெட்டியவன் பேரன், பள்ளிக்கூட வாசலில் பத்திரம் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். 12 வயதில் கூட்டாளிகள் எல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போவார்கள். அவன் மட்டும் வீட்டில் இருப்பான். அவன் செய்த குற்றம் என்ன? பெரியவர்கள் பஸ் ஏறிப் பதிவு இலாகாவுக்குப் போகாததுதான்.

பத்திரம் இல்லாத பிள்ளைகளின் விவரங்களை எழுதிக்கொள்ளக் கிளைச் செயலாளர் வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள். போன கூட்டத்தில் அந்த வரிசையில் முதலாவதாக நின்றவர்கள் பேரன் எடுத்த தாத்தா பாட்டிதான்.