தோழி என்றொரு சொல்



தருமபுரியில் காதலைப் பற்றிப் பேசுகிற யாரும் நத்தம் காலனியைத் தாண்டிப் போக முடியாது. திவ்யாவும் இளவரசனும் மணமுடித்ததைச் சாக்காக்கி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எனத் தலித் மக்களின் மூன்று குடியிருப்புகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் காதலித்ததற்கே இந்த விலை. இரண்டு பெண்கள் காதலித்தால்?

பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் என்னிடம் வேறு மாதிரி கேட்கிறார்கள். "அக்கா, எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. அவ காலனி. என் உயிர்த்தோழிகிட்ட இதைச் சொல்லலை. அவகிட்ட நான் எதையும் மறைச்சதே இல்ல. இது துரோகமா?"

இது சின்னக் கேள்வி இல்லை. அந்த உயிர்த்தோழி யார்? பெரும்பாலும் அதே தெரு, அதே சாதி, சில நேரம் சொந்தக்காரப் பெண். பள்ளிக்கூடத்துக்குத் துணையாக அனுப்புவது அவளைத்தான். "என் பொண்ணு யார்கூடப் பேசுறா?" என்று அம்மா விசாரிப்பதும் அவளிடம்தான். பெண்ணைக் காவல் காக்க இன்னொரு பெண்ணின் நட்பையே சாதி பயன்படுத்துகிறது.

ஆகவே என் பதில் இது. சொல்லாமல் இருப்பது துரோகமில்லை. அந்த ரகசியத்தில் பாதி காலனிப் பெண்ணுடையது. வெளியே தெரிந்தால் உனக்கு வீட்டில் அடி விழும், படிப்பு நிற்கும். அவளுக்கோ தெருவே பதில் சொல்ல வேண்டிவரும். அவள் சம்மதித்த பிறகு சொல்.

அந்தத் தோழிக்கும் ஒரு வார்த்தை. "என்னை விட்டுட்டு அவகூடப் போயிட்டா" என்ற வலி உண்மையானது. அதை அவளிடமே சொல்லி அழு, சண்டை போடு. அவள் அம்மாவிடம் போகாதே.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழிகாட்டுதல்கள் தந்தார். காணவில்லை என்ற புகாரில் தேடப்படுகிறவர்கள் விருப்பத்துடன் சேர்ந்து வாழும் வயதுவந்த பால்புதுமையினர் என்று தெரிந்தால், போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை மீட்க அவருடைய இணையர் ஆட்கொணர்வு மனு போட்டார். தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கம் புரிகிறது என்ற நீதிபதிகள், திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்று சொல்லி அந்தப் பெண்ணை விடுவித்தார்கள்.

இவையெல்லாம் 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதுவரை ஓடிப்போகச் சொல்ல மாட்டேன். படிப்பை விடாதீர்கள். அடித்தாலோ, அவசரமாகக் கல்யாணம் பேசினாலோ 1098-ஐ அழையுங்கள். நீங்கள் அழைக்க முடியாவிட்டால் உங்கள் தோழி அழைக்கட்டும்.

இளவரசனுக்காகக் குரல் கொடுத்த நாம் இந்தப் பெண்களுக்கும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். சாதியும் குடும்பமும் கேட்கிற விசுவாசம் உளவு சொல்வது. நட்பு கேட்பது, உளவு சொல்ல மறுப்பது.