பதினாறு கோடி ரூபாய் ஊசி

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தால், காலை வணக்கங்களுக்கு நடுவே ஒரு குழந்தையின் படம், சிகிச்சைச் செலவு, கீழே ஒரு க்யூஆர் கோடு. பணம் போடலாமா, வேண்டாமா?

2021-இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஸோல்ஜென்ஸ்மா மருந்தின் விலை 16 கோடி ரூபாய். சாதாரணக் குடும்பம் எங்கே போகும்? இணையத்தில் கேட்டார்கள். முகம் தெரியாதவர்கள் அனுப்பி அனுப்பியே பணம் சேர்ந்துவிட்டது! அதற்குமேல் இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியுமாகச் சுமார் 6 கோடி; கோரிக்கை வலுக்கவே, மத்திய அரசு அதைத் தள்ளுபடி செய்தது. அந்த 16 கோடிக்கு, ஆளுக்கு 100 ரூபாய் என்றால்கூட 16 லட்சம் பேர் வேண்டும். உண்டியல் குலுக்கி நடக்கிற காரியமா அது?

இந்த நல்ல மனசைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். உண்மையான குழந்தையின் படத்தையே எடுத்து, க்யூஆர் கோடை மட்டும் மாற்றிவிடுவார்கள். ஸ்கேன் செய்ததும், பின் நம்பர் போடுவதற்கு முன்பே, திரையில் ஒரு பெயர் வரும். அதைப் படியுங்கள். சம்பந்தமில்லாத பெயரா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழந்தை சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கும் பேசிப் பார்க்கலாம். அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு அல்ல, நீங்களே தேடி எடுத்த எண்ணுக்கு.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்கொடைக்கான வரிச் சலுகை, அதற்கென அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். ரொக்கமாக 2,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் இல்லை. குடும்பத்தின் கணக்கில் நேராகப் போட்டுவிட்டு ஆடிட்டரிடம் ரசீதை நீட்டாதீர்கள்.