ஐஸ்வால் மலைமுகட்டில் தேர்தல் காலம்



அஸ்ஸாமின் சில்சார் நகரத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டு, வைரெங்தே எல்லையில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு, மூங்கில் வனங்களினூடே வளைந்தேறும் பாதையில் பகல் முழுவதும் பிரயாணம் செய்தால், நீண்டதொரு மலைமுகட்டின் இரு சரிவுகளிலும் கால்தூண்களை ஊன்றிக்கொண்டு வீடுகள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஐஸ்வால் பட்டணம் தென்படும். மிசோரம் ராஜ்யத்தின் தலைநகரம் இதுவே. சித்திரை பிறக்கும் சமயத்தில், விதைப்புக்காகக் காடெரித்த புகை அம்மலைகளின்மேல் தங்கியிருக்கும். பாராளுமன்றத் தேர்தலும் பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது.

ஒலிபெருக்கியின் ஆரவாரத்தை எதிர்பார்த்துச் செல்லும் யாத்ரிகர் அங்கே திகைத்துப்போவார். மாலை வேளையில் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஜனங்கள் கூடுகிறார்கள். ஒரே மேடையில், ஒரே வரிசையில், ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் அபேட்சகர்கள் அனைவரும் அமர்ந்திருக்கிறார்கள். அவரவர்க்கு அளந்த நேரத்தில் தம் கொள்கையை எடுத்துரைத்து, கேட்போர் எழுப்பும் வினாக்களுக்கும் விடை சொல்கிறார்கள். பிரஸ்பிடேரியன் திருச்சபையின் ஆதரவில் 2006இல் தோன்றிய மிசோரம் மக்கள் மன்றம் என்ற ஸ்தாபனம், தன் கிளைகளின் வாயிலாக இக்கூட்டங்களை நடத்துகிறது. வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பதும், விருந்து வைப்பதும், பணம் கொடுப்பதும் கூடாதென்று அது வகுத்த விதிகளுக்குக் கட்சிகள் கையொப்பமிட்டு இசைகின்றன.

மதஸ்தாபனம் ஒன்று அரசியலுக்குக் காவல் நிற்பது தகுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆயினும் சட்டத்தின் அதிகாரம் ஏதுமின்றி, ஊராரின் மதிப்பொன்றையே பலமாகக் கொண்டு பணத்தின் செல்வாக்கைத் தடுக்க முயலும் ஒரு முயற்சியை நான் மனமாரப் போற்றுகிறேன். இந்த அமைதியான தேர்தலுக்குப் பின்னால் ஒரு துயரக் கதையும் உண்டு. தனிநாடு கோரி எழுந்த கிளர்ச்சியை ஒடுக்க, 1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதே பட்டணத்தின்மேல் நம் தேசத்து விமானங்களே குண்டு பொழிந்தன. கிராமங்கள் பல பெயர்க்கப்பட்டன. இருபது ஆண்டுகள் துப்பாக்கியின் நிழலில் கழிந்தபின், 1986 ஜூன் 30ஆம் தேதி அக்கிளர்ச்சியை நடத்திய லால்தெங்காவின் இயக்கத்தோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி, 1987 பிப்ரவரி 20இல் மிசோரம் தனி ராஜ்யமாயிற்று. அந்த நாட்களை அறிந்த முதியோர் வாக்குச்சாவடி வரிசையில் இன்றும் வந்து நிற்கிறார்கள்.

வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கடைத்தெருவில் காய்கறி விற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. எனினும் லோக்சபைக்கு ஒரு பெண்மணி முதன்முதலாகப் போட்டியிட்டது 2019இல்தான். அங்கிருந்து இதுவரை பெண் எவரும் அச்சபைக்கு வெற்றி பெற்றதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. சட்டசபைத் தொகுதிகள் நாற்பதும் சேர்ந்து லோக்சபைக்கு அனுப்புவது ஒரே ஓர் அங்கத்தினரைத்தான். 2023 சட்டசபைத் தேர்தலில் நூற்றுக்கு எண்பது பேர் வாக்களித்த அதே ஜனங்களில், 2024 ஏப்ரல் 19ஆம் தேதி நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் மட்டுமே. 543 பேர் கூடும் சபையில் ஒருவர் குரல் எடுபடுமா என்ற ஐயம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மியன்மாரும் வங்காள தேசமும் இருபுறமும் நெருங்கியிருக்க, அகதிகளாக வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் அம்மலைநாட்டுக்கு, எல்லைக் கொள்கையை நிச்சயிக்கும் டில்லி லோக்சபையில் பேச வாய்த்திருப்பது அந்த ஒரே ஆசனம்தான். அதை நிரப்பும் தேர்தலுக்கு வாக்காளர்கள் இன்னும் திரளாக வரவேண்டும் என்றே என் நெஞ்சம் விழைகிறது.