பாறையைப் படித்தவர்கள்



மாமல்லபுரம் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சிற்பிக்குக் கிடைத்த பெருமை என்கிறோம். அதில் சரிபாதி, பாறைக்குச் சேர வேண்டியது என்று வாதாடவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஐந்து ரதங்களைப் பாருங்கள். தெற்கே தருமராச ரதம் ஓங்கி நிற்கிறது. வடக்கே போகப் போக பீமன், அருச்சுனன், திரௌபதி என்று உயரம் இறங்குகிறது. ஏன்? இந்த நான்கும் ஒரே பாறையின் முதுகில் வெட்டியவை. பாறை சரிந்தது, கோயிலும் கூடவே சரிந்தது. கடைசியில் இருந்தது சின்னக் கல். அதில் கூரை வேய்ந்த குடிசை ஒன்றைச் செதுக்கிவிட்டான் நம் சிற்பி!

பெரிய சிற்பத் தொகுதிக்கு வாருங்கள். அது அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் வாதிடட்டும். நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவு, இயற்கை போட்டது. வேறொருவன் ‘விரிசல் விட்ட கல்’ என்று தள்ளியிருப்பான். இவனோ அதில் நாகர்களை நீந்தவிட்டு ஆறாக்கினான்.

மாணவர்களே, முடிந்த சிலைகளைவிட முடியாத வேலைகளை உற்றுப் பாருங்கள். பாறை முகத்தில் உளியால் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, இடையில் மேடாக நிற்கும் கல்லை உடைத்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்கள் இன்றும் தெரிகின்றன. தருமராச ரதத்தின் மேல்தளங்களில் தெய்வ உருவங்கள் முழுமையாக இருக்க, கீழ்த்தளத்தில் வேலை பாதியில் நிற்கிறது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. கட்டுகிறவன் தவறினால் பிரித்துக் கட்டலாம். குடைகிறவன் தவறினால் போன கல் போனதுதான்.

கரையில் நிற்கும் கோயில் வேறு வகை. அது வெட்டிய கல்லை அடுக்கிப் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்தது. கடற்காற்றின் உப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து, படிகமாகி, மேற்பரப்பை உதிர்க்கிறது. உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தார்கள். சாவியால் பெயர் கீறும் கையை எந்த மரம் தடுக்கும்? நாம்தான் தடுக்க வேண்டும். கண்டும் காணாமல் நகர்ந்துவிடாதீர்கள். அடுத்த முறை உறவினரை அழைத்துப் போனால், படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அந்த உளிக் கட்டங்களைக் காட்டி விளக்குங்கள். வேலையின் அருமை தெரிந்த கை கல்லில் கீறாது.