கண் மதிப்பு போதாது

குழந்தை அழுதுவிட்டது. வெளியே உறவினர்கள் சர்க்கரை கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். பிரசவ அறைக்குள்ளோ, ஆபத்தான நேரம் இனிமேல்தான். நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை கல்போல் இறுக வேண்டும். தொளதொளவென்று கிடந்தால் ரத்தக்குழாய்கள் மூடாது, உதிரம் கொட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கால் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது.

மருந்துக்குப் பஞ்சமில்லை. கர்ப்பப்பையைச் சுருக்க ஆக்ஸிடோசின் ஊசி உண்டு. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானின் உத்தாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962லேயே உலகுக்கு அறிவித்துவிட்டார்கள். அதை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உதிரப்போக்கால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும் என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

ஆனால் ஊசி போட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று யார் சொல்வது? துணியில் ஊறியதையும் தரையில் சிந்தியதையும் கண்ணால் பார்த்து, 'இவ்வளவு இருக்கும்' என்று மதிப்பிடுவதுதான் பல மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். கைதேர்ந்த நர்ஸையும் இது ஏமாற்றும். பழியை அவர்மேல் போடுவது அநியாயம். அளக்க அவர் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையிலான குழு அப்படியொன்றைக் கொடுத்துப் பார்த்தது. தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு அது. அதன் முனையில் புனல் போன்ற பை, பையில் அளவுக் கோடுகள். 300 மில்லி லிட்டரைத் தொட்டால் எச்சரிக்கை, 500ஐத் தொட்டால் உடனே சிகிச்சை. முதல் ஒரு மணி நேரம், கால் மணிக்கொரு தரம் நர்ஸ் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, அடிவயிற்றைத் தொட்டுக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று சோதிப்பார். சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றைத் தேய்ப்பது, ஊசிகள், சலைன், காரணம் தேடும் பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் தொடங்கிவிடும். ஒன்று பலிக்கிறதா என்று காத்திருந்து அடுத்ததற்குப் போவதில்லை.

சுகப்பிரசவமான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வழக்கமான கவனிப்பில் உதிரப்போக்கு பாதிப் பேரிடம்தான் உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய முறையில் 93 சதவீதம். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை, உதிரப்போக்கால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தார்கள்.

அளவுக்கோடு போட்ட விரிப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் பெல்காம் பகுதிக் கிராமங்களில் நடந்த, 2006இல் வெளியான மருந்தாய்வுக்கே அப்படியொன்று பயன்பட்டது. இன்று கேட்க வேண்டியவை இரண்டுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் கொள்முதல் பட்டியலில் இந்த விரிப்பு இருக்கிறதா, ஆக்ஸிடோசினைக் குளிரில் வைக்கும் ஃப்ரிட்ஜ் கரண்ட் போனாலும் ஓடுகிறதா?